அளவுகோலின் எல்லை அறிந்தவர்

நுழையும்முன்

நீளத்தை அளக்க அளவுகோல் உண்டு. எடையை அறியத் தராசு உண்டு. காய்ச்சலைக் கணிக்க வெப்பமானி உண்டு. ஒரு குழந்தையின் நுண்ணறிவை அளக்க ஏதேனும் கருவி உண்டா? இவ்வினாவிற்கு விடைதேடிப் பல்லாண்டுகள் உழைத்தவர் பிரான்சு நாட்டு உளவியல் அறிஞர் ஆல்ஃபிரட் பினே. இன்றைய நுண்ணறிவுச் சோதனைகளுக்கெல்லாம் அவர் வகுத்த சோதனையே முன்னோடி. தாம் செய்த கருவியால் எதனை அறியலாம் என்று கூறியதோடு, எதனை அறிய இயலாது என்பதையும் அவர் தெளிவாக எடுத்துரைத்தார். அவருடைய வாழ்க்கை வரலாற்றை இப்பாடத்தில் காண்போம்.

இளமையும் கல்வியும்

ஆல்ஃபிரட் பினே 1857ஆம் ஆண்டு சூலைத் திங்களில் நீஸ் நகரில் பிறந்தார். மத்தியதரைக் கடற்கரையில் அமைந்த அந்நகர் அப்போது சார்டினியா அரசைச் சேர்ந்திருந்தது. மூன்று ஆண்டுகளுக்குப் பின்னரே பிரான்சுடன் இணைந்தது. பினேயின் தந்தை மருத்துவர், தாய் ஓவியர். பெற்றோர் பிரிந்து வாழ்ந்தமையால் பினே தாயின் அரவணைப்பில் வளர்ந்தார். பின்னர்த் தாயும் மகனும் பாரிசில் குடியேறினர்.

பள்ளியில் நன்கு பயின்ற பினேயும் ஆசிரியரின் கடுஞ்சொல்லுக்குத் தப்பவில்லை. பள்ளி இறுதித் தேர்வின்போது கிரேக்கத் தத்துவ அறிஞர் ஒருவரின் பெயரை அவர் தவறாகக் கூறிவிட்டார். சினமுற்ற தேர்வாளர், பினேக்குத் தத்துவச் சிந்தனை ஒருபோதும் கைவராது என்று தீர்ப்பளித்தார். ஒரே ஒரு பிழையைக்கொண்டு ஒருவனுடைய எதிர்காலம் முழுவதையும் கணித்துவிட்ட அந்தத் தீர்ப்பைப் பினே மறக்கவில்லை. முப்பது ஆண்டுகளுக்குப் பின் தாம் எழுதிய நூலில் அதனை நினைவுகூர்ந்தார்.

1878இல் பினே சட்டத்தில் பட்டம் பெற்றார். எனினும் வழக்கறிஞர் தொழிலில் அவர் மனம் பற்றவில்லை. மருத்துவம் பயிலத் தொடங்கி, அதனையும் இடையில் நிறுத்தினார். பாரிசின் தேசிய நூலகத்தில் அமர்ந்து உளவியல் நூல்களைத் தாமாகவே கற்றார். ஆசிரியர் எவரும் இன்றி அத்துறைக்குள் நுழைந்தார்.

ஏமாற்றிய காந்தம்

அந்நாளில் பாரிசின் சால்பெத்ரியேர் மருத்துவமனை நரம்பு நோய் ஆய்வில் உலகப்புகழ் பெற்றிருந்தது. அதன் தலைமை மருத்துவர் ஷார்கோ. அவரிடம் பினே 1880களில் ஆய்வாளராகச் சேர்ந்தார். அங்கு நோயாளிகளை அறிதுயிலில் ஆழ்த்தி ஆய்வு செய்வது வழக்கம். பினேயும் ஃபெரே என்னும் மருத்துவரும் ஒரு புதுமையைக் கண்டதாக அறிவித்தனர். அறிதுயிலில் இருப்பவரின் உடலருகே காந்தத்தை இடம்மாற்றினால், வலக்கையின் உணர்ச்சியின்மை இடக்கைக்குச் சென்றுவிடுகிறது என்பதே அவ்வறிவிப்பு.

பெல்ஜிய நாட்டு அறிஞர் டெல்பெஃப் இதனை நேரில் காணப் பாரிசுக்கு வந்தார். காந்தம் நோயாளியின் கண்ணெதிரே நகர்த்தப்பட்டது. என்ன நிகழப்போகிறது என்பதை ஆய்வாளர்கள் நோயாளியின் முன்னிலையிலேயே பேசிக்கொண்டனர். இதனைக் கண்ட டெல்பெஃப் தம் நாட்டுக்குத் திரும்பி, நோயாளிக்கு எதுவும் தெரியாதவாறு அதே சோதனையைச் செய்துபார்த்தார். காந்தத்தால் எந்த மாற்றமும் விளையவில்லை. ஆய்வாளர் எதை எதிர்பார்த்தாரோ அதையே நோயாளி செய்து காட்டியிருக்கிறார் என்பது வெளிப்பட்டது.

பினே சில காலம் வாதாடினார். இறுதியில் தம் தவற்றை வெளிப்படையாக ஒப்புக்கொண்டு அம்மருத்துவமனையை விட்டு வெளியேறினார். இளம் ஆய்வாளர் ஒருவருக்கு இது பெருந்தலைகுனிவே. ஆயினும் இத்தோல்வி அவருக்கு அரிய பாடம் ஒன்றைக் கற்பித்தது. சோதிப்பவரின் எதிர்பார்ப்பு சோதிக்கப்படுபவரின் விடையை மாற்றிவிடும் என்பதே அப்பாடம். அவருடைய பிற்கால ஆய்வுகள் அனைத்திலும் இவ்வெச்சரிக்கை தொடர்ந்தது.

இரு மகள்கள்

பினே 1884இல் லோர் பல்பியானியை மணந்தார். அவர்களுக்கு மதலேன், ஆலிஸ் என இரு மகள்கள் பிறந்தனர். மருத்துவமனையை விட்டு விலகிய காலத்தில் பினேயின் ஆய்வுக்கூடம் அவருடைய இல்லமே ஆயிற்று.

குழந்தைகள் நடைபழகிய முறையையே அவர் உற்றுநோக்கினார். மதலேன் சில அடி தொலைவில் உள்ள நாற்காலியைக் குறிவைத்து, பற்றிக்கொள்ள இடம் உண்டு என்று உறுதி செய்துகொண்டே அடியெடுத்து வைப்பாள். ஆலிஸோ சிரித்தபடி அறையின் நடுவே தள்ளாடிச் செல்வாள். பிடிமானம் உண்டா என்று கருதமாட்டாள். வளர்ந்தபின்னும் மூத்தவள் கூர்ந்து நோக்கும் இயல்பினளாகவும், இளையவள் கற்பனை மிக்கவளாகவும் விளங்கினர். இருவருள் யார் அறிவு மிக்கவர் என்னும் வினாவிற்கு விடையில்லை என்பதைப் பினே உணர்ந்தார். அறிவு பல வழிகளில் வெளிப்படுகிறது. இவ்வாய்வுகளை விரித்து 1903இல் நூலாக வெளியிட்டார்.

மற்றோர் உண்மையையும் அவர் கண்டறிந்தார். அக்காலத்து அறிஞர் பலர், கண் காது முதலிய புலன்களின் கூர்மையே அறிவின் அளவு என்று நம்பினர். பினே இரு கோடுகளைக் காட்டி, எது நீளமானது என்று தம் மகள்களிடம் வினவினார். அவர்கள் பெரியவர்களுக்கு நிகராகவே விடை கூறினர். ஆனால் ஒரு பொருளை விளக்கச் சொன்னபோது வேறுபாடு தெரிந்தது. கத்தி என்றால் என்ன என்று கேட்டால், குழந்தை அது இறைச்சியை வெட்டுவதற்கு என்று மட்டுமே கூறும். ஆகவே புலன்களை அளப்பது அறிவை அளப்பதாகாது. நினைவு, கவனம், மொழி, தீர்மானிக்கும் திறன் ஆகியவற்றையே ஆராய வேண்டும் என்ற முடிவுக்கு அவர் வந்தார்.

ஊதியமில்லா ஆய்வாளர்

1891இல் ஓர் இரயில் நிலையத்தில் பினே தற்செயலாகப் பேராசிரியர் போனியைச் சந்தித்தார். அச்சந்திப்பின் பயனாகச் சோர்போன் பல்கலைக்கழகத்தின் உளவியல் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். ஊதியம் பெறாமலேயே அங்குப் பணிபுரிந்து, சில ஆண்டுகளில் அதன் இயக்குநர் ஆனார். 1895இல் உளவியலுக்கென ஓர் ஆண்டிதழையும் தொடங்கினார். பேராசிரியர் பதவிக்கு அவர் முயன்றும் பிரான்சில் அது அவருக்குக் கிட்டவில்லை.

அக்காலத்தில் அவர் ஆராய்ந்தவர்களுள் ஒருவர் இனோடி. வறுமையால் ஆடு மேய்த்து வளர்ந்த இனோடி, வளர்ந்து இளைஞரான பின்பே எழுத்தறிவு பெற்றவர். எனினும் மிகப்பெரிய எண்களை மனக்கணக்காகவே பெருக்கிக் காட்டி மக்களை வியப்பில் ஆழ்த்தினார். எழுத்தறியாத ஒருவரிடமும் ஏதேனும் ஒரு துறையில் பேராற்றல் ஒளிந்திருக்கலாம் என்பதற்கு இனோடி சான்றானார்.

தலையை அளந்த நாடாக்கள்

தலை பெரிதாயின் அறிவும் பெரிதாகும் என்று பத்தொன்பதாம் நூற்றாண்டு அறிஞர் பலர் கருதினர். பினேயும் இதனைச் சோதிக்க முற்பட்டார். ஆசிரியர்களின் உதவியோடு, நன்கு படிக்கும் மாணவர்களையும் படிப்பில் பின்தங்கியவர்களையும் பிரித்து, அவர்களுடைய தலைகளை அளந்தார். இரு குழுவினர்க்கும் இடையே ஓரிரு மில்லிமீட்டர் வேறுபாடே தெரிந்தது.

பினே அத்துடன் நிறைவடையவில்லை. அளந்த தலைகளையே மீண்டும் அளந்தார். முதல் அளவுக்கும் மறு அளவுக்கும் இடையிலான வேறுபாடு, இரு குழுக்களுக்கு இடையே கண்ட வேறுபாட்டைவிட மிகுதியாக இருந்தது. அறிவுள்ள மாணவன் என்று முன்பே தெரிந்துவிட்டதால், தம்மை அறியாமலே தம் கை அவனது தலையைச் சற்றுப் பெரிதாக அளந்துவிடக்கூடும் என்று அவர் அஞ்சினார். காந்தம் கற்பித்த பாடம் இங்கும் உதவியது. பல ஆண்டு உழைப்பை வீணாயிற்று என்று கருதாமல், அவ்வழியைக் கைவிட்டார்.

பள்ளியில் எழுந்த சிக்கல்

1882இல் பிரான்சு அரசு 6 முதல் 13 வயது வரையுள்ள குழந்தைகள் அனைவருக்கும் கல்வியைக் கட்டாயமாக்கியது. அதுவரை பள்ளிக்கு வராத குழந்தைகளும் வகுப்பறைக்கு வந்தனர். அவர்களுள் சிலர் பாடங்களைப் பின்பற்ற இயலாமல் தவித்தனர். அத்தகைய குழந்தைகளுக்குச் சிறப்புக் கல்வி அளிக்க வேண்டும் என்ற எண்ணம் வளர்ந்தது. 1904இல் கல்வி அமைச்சகம் இதனை ஆராயக் குழு ஒன்றை அமைத்தது. பினே அதன் உறுப்பினர்களுள் ஒருவர்.

யாருக்குச் சிறப்புக் கல்வி தேவை என்பதை எவ்வாறு முடிவு செய்வது? இதுவே குழுவின் முன் நின்ற சிக்கல். ஆசிரியரிடம் விட்டால், குறும்பு செய்யும் சிறுவனையும் பேச அஞ்சும் சிறுமியையும் அவர் அறிவு குறைந்தோர் என்று ஒதுக்கிவிடக்கூடும். மருத்துவரிடம் விட்டால் என்ன ஆகும்? மருத்துவமனைச் சான்றிதழ்களைப் பினே ஒப்பிட்டுப் பார்த்தார். ஒரே குழந்தைக்குச் சில நாள் இடைவெளியில் வெவ்வேறு மருத்துவர்கள் வெவ்வேறு முடிவுகளை எழுதியிருந்தனர். ஒரு மருத்துவர் கடும் குறைபாடு என்றதை மற்றொருவர் இலேசான குறைபாடு என்றார். இரு தராசுகள் ஒரே பொருளுக்கு இரண்டு எடைகளைக் காட்டினால், எதனை நம்புவது? யார் சோதித்தாலும் ஏறத்தாழ ஒரே முடிவைத் தரும் பொதுவான முறை தேவை என்பதைப் பினே உணர்ந்தார். சோதனையின் இப்பண்பையே உளவியலார் நம்பகத்தன்மை என்பர்.

முப்பது சோதனைகள்

தியோடர் சிமோன் என்னும் இளம் மருத்துவர் பினேயின் துணைவராக அமைந்தார். இருவரும் இணைந்து 1905இல் முப்பது சோதனைகள் அடங்கிய வரிசை ஒன்றை வெளியிட்டனர். எளியதில் தொடங்கி அரியதில் முடியுமாறு அவை அடுக்கப்பட்டிருந்தன. அசையும் ஒளியைக் கண்ணால் தொடர்தல், மிட்டாயின் மேலுறையைப் பிரித்தல், மூன்று எண்களைக் கேட்டுத் திருப்பிச் சொல்லுதல், ஈக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் உள்ள வேறுபாட்டைக் கூறுதல், கொடுத்த மூன்று சொற்களைக்கொண்டு தொடர் அமைத்தல் முதலியன அவற்றுள் சில.

சோதனையை நடத்தும் முறையையும் அவர்கள் வரையறுத்தனர். அமைதியான அறையில் குழந்தையைத் தனியே அமர்த்த வேண்டும். அன்போடு வரவேற்று அச்சத்தைப் போக்க வேண்டும். விடையை நோக்கி வழிகாட்டுதல் கூடாது, கடிந்துகொள்ளுதலும் கூடாது.

1908இல் இருவரும் சோதனையைத் திருத்தி, 3 முதல் 13 வயது வரை ஒவ்வொரு வயதுக்கும் உரிய வினாக்களை வகுத்தனர். ஒரே படத்தைக் காட்டும்போது மூன்று வயதுக் குழந்தை அதிலுள்ள பொருள்களைப் பெயர்சொல்லி அடுக்கும். ஏழு வயதுக் குழந்தை படத்தில் நிகழ்வதை விவரிக்கும். பன்னிரண்டு வயதில் அதன் உட்பொருளை விளக்கும். ஐந்து வயதுக் குழந்தை நான்கு நாணயங்களை எண்ணும். எட்டு வயதுக் குழந்தை இருபதிலிருந்து பின்னோக்கி எண்ணும்.

எட்டு வயதுச் சிறுவன் ஆறு வயதுக்குரிய வினாக்களுக்கு மட்டுமே விடையளித்தால், அவனுடைய மனவயது ஆறு எனக் கொள்ளப்பட்டது. அவன் இரண்டு ஆண்டுகள் பின்தங்கியுள்ளான். அவனுக்கு ஆசிரியரின் தனி உதவி தேவை என்பதே இதன் பொருள். அவனால் ஒருபோதும் முன்னேற இயலாது என்பது இதன் பொருளன்று.

அளவுகோலின் எல்லைகள்

பினே தம் சோதனையைப் பெரிதும் மதித்தார். எனினும் அதன் எல்லைகளை மறைக்கவில்லை.

முதலாவதாக, நுண்ணறிவு நீளத்தைப் போன்றதன்று. இரண்டு கோல்களை ஒட்டி வைத்தால் நீளம் கூடும். ஏழு வயதுக் குழந்தைகள் இருவரின் அறிவைக் கூட்டினால் பதினான்கு வயது அறிவு வந்துவிடாது. ஆகவே சோதனை தருவது உண்மையான அளவன்று. குழந்தைகளை ஒரு வரிசையில் நிறுத்திப் பார்க்கும் வகைப்பாடே ஆகும்.

இரண்டாவதாக, வீட்டுச் சூழலும் விடையை மாற்றுகிறது. பெல்ஜிய நாட்டில் டெக்ரோலி என்னும் மருத்துவரும் அவருடைய உடனாய்வாளரும் செல்வக் குடும்பத்துக் குழந்தைகள் பயிலும் பள்ளியில் இச்சோதனையை நடத்தினர். அக்குழந்தைகள் பாரிசின் எளிய குடும்பத்துக் குழந்தைகளைவிட ஓராண்டுக்கும் மேலாக முன்னேறியிருந்தனர். நல்ல மொழிநடையை வீட்டிலேயே கேட்டு வளரும் குழந்தை, சொல் சார்ந்த வினாக்களுக்கு எளிதில் விடையளிக்கிறது. இதனை ஏற்றுக்கொண்ட பினே, எழுதப் படிக்கத் தெரிந்தால் மட்டுமே விடையளிக்கக்கூடிய வினாக்களை 1911ஆம் ஆண்டுத் திருத்தத்தில் நீக்கினார்.

மூன்றாவதாக, சோதனை இன்றைய நிலையை மட்டுமே காட்டும். அந்நிலை எதனால் விளைந்தது என்பதையோ, நாளை எவ்வாறு மாறும் என்பதையோ அது கூறாது. ஒருவரின் அறிவு பிறப்பிலேயே முடிவாகிவிட்டது, அதனை உயர்த்த இயலாது என்று கூறியோரைப் பினே கடுமையாக எதிர்த்தார். 1909இல் குழந்தைகளைப் பற்றித் தாம் எழுதிய நூலில் இத்தகைய நம்பிக்கையின்மையைக் கண்டித்தார்.

அறிவுக்கும் உடற்பயிற்சி

கண்டிப்பதோடு பினே நின்றுவிடவில்லை. பின்தங்கிய குழந்தைகளுக்கெனப் பாரிசில் சிறப்பு வகுப்புகள் தொடங்கப்பட்டபோது, அவர்களுக்கான பயிற்சிகளை வகுத்தார். வளைந்த உடலை உடற்பயிற்சி நிமிர்த்துவதுபோல், கவனத்தையும் நினைவாற்றலையும் மன உறுதியையும் பயிற்சியால் வளர்க்கலாம் என்பது அவர் கருத்து.

சிலை விளையாட்டு அப்பயிற்சிகளுள் ஒன்று. ஆசிரியர் குறிப்புக் காட்டியதும் மாணவர் அனைவரும் இருந்த நிலையிலேயே அசையாமல் நிற்க வேண்டும். நாள்தோறும் அவர்கள் நிற்கும் நேரம் கூடியது. மற்றொரு பயிற்சியில், பல பொருள்கள் ஒட்டிய அட்டை சில நொடிகள் மட்டுமே காட்டப்படும். பின்னர் மாணவர் அவற்றின் பெயர்களை நினைவிலிருந்து எழுத வேண்டும். ஒருமுறை வகுப்பைக் காணவந்த நாடாளுமன்ற உறுப்பினர்கள் தாங்களும் இதனை முயன்று பார்த்தனர். பின்தங்கியோர் எனப்பட்ட அச்சிறுவர்களின் அளவிற்கு அவர்களால் எழுத இயலவில்லை.

1911 அக்டோபர் 18ஆம் நாள், தம் 54ஆம் வயதில் பினே காலமானார்.

கடல்கடந்த அளவுகோல்

பினே மறைந்த மறு ஆண்டு, செருமானிய அறிஞர் வில்லியம் ஸ்டெர்ன், மனவயதை உண்மை வயதால் வகுக்கும் முறையைக் கூறினார். 1916இல் அமெரிக்க உளவியலார் லூயிஸ் டெர்மன், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் பினேயின் சோதனையைத் திருத்தியமைத்து, அவ்வீவை நூறால் பெருக்கினார். இதுவே நுண்ணறிவு ஈவு எனப்பட்டது. பத்து வயதுச் சிறுவனின் மனவயது எட்டு எனில், அவனது ஈவு 80. உதவி தேவைப்படும் குழந்தையைக் காட்டுவதற்கு எழுந்த சோதனை, இவ்வாறு ஒரே எண்ணாகச் சுருங்கிற்று. எண் கையில் கிடைத்தவுடன், அது மாறாதது என்று பலர் நம்பத் தலைப்பட்டனர்.

அமெரிக்காவில் குடியேற வந்த ஏழை மக்கள் நியூயார்க்குத் துறைமுகத்தின் எல்லிஸ் தீவில் இறங்குவர். 1913இல் ஹென்றி கொடார்டு என்பவரின் உதவியாளர்கள் அங்கு வந்தோரில் ஒரு பகுதியினரைப் பினேயின் வினாக்களால் சோதித்தனர். பல நாள் கப்பற்பயணத்தால் களைத்தவர்கள், ஆங்கிலம் அறியாதவர்கள், எழுதுகோலையே பிடித்தறியாதவர்கள் அவர்களுள் பலர். மொழிபெயர்ப்பாளர் வழியே கேட்கப்பட்ட வினாக்களுக்கு அவர்கள் தடுமாறினர். சோதிக்கப்பட்டவருள் ஏறத்தாழ ஐந்தில் நால்வர் அறிவு குறைந்தோர் என்று கணக்கிடப்பட்டது. அளந்தது அவர்களுடைய அறிவையன்று. புதிய நாட்டில் அவர்களுக்கிருந்த அறிமுகமின்மையையே.

முதல் உலகப்போரின்போது அமெரிக்கப் படையில் பதினேழு இலட்சத்திற்கும் மேற்பட்டோர் எழுத்துவழிச் சோதனைக்கு உள்ளாயினர். படிக்கத் தெரியாதவர்க்குப் படவினாக்கள் வழங்கப்பட்டன. வலையில்லாத டென்னிஸ் களத்தின் படத்தைக் காட்டி, அதில் விடுபட்டது எது என்று கேட்டது அவற்றுள் ஒன்று. டென்னிஸ் ஆட்டத்தையே காணாத உழவர் எவ்வாறு விடையளிப்பார்? அந்நாட்டில் நெடுங்காலம் வாழ்ந்த குடியேறிகள், புதிதாக வந்தவர்களைவிட மிகுந்த மதிப்பெண் பெற்றனர். பிறவி அறிவை மட்டுமே சோதனை அளந்தது எனில், ஆண்டுகள் செல்லச்செல்ல மதிப்பெண் உயர்ந்தது எவ்வாறு? அப்படைச் சோதனைகளை வைத்து இனங்களை உயர்வு தாழ்வு எனப் பிரித்து நூல் எழுதிய கார்ல் பிரிகாம், தம் முடிவுகள் பிழையானவை என்று 1930இல் ஒப்புக்கொண்டார். அதற்குள் குடியேறிகளைக் கட்டுப்படுத்தும் சட்டம் 1924இல் இயற்றப்பட்டுவிட்டது.

மீத்திறன் உடையோரைக் கண்டறிவதிலும் சோதனை தவறியதுண்டு. டெர்மன் 1921 முதல் கலிஃபோர்னியாவில் மிகுந்த ஈவு பெற்ற ஏறத்தாழ 1500 குழந்தைகளைத் தேர்ந்தெடுத்துப் பல்லாண்டுகள் ஆராய்ந்தார். அவர்களுள் பலர் நன்னிலை அடைந்தனர். எனினும் எவரும் நோபல் பரிசு பெறவில்லை. மதிப்பெண் போதாதென்று அத்தேர்வில் விடப்பட்ட சிறுவர்களான வில்லியம் ஷாக்லியும் லூயிஸ் ஆல்வரெசும் பின்னாளில் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றனர்.

1984இல் ஜேம்ஸ் ஃபிளின் என்னும் அறிஞர் மற்றோர் உண்மையை வெளியிட்டார். 1932க்கும் 1978க்கும் இடைப்பட்ட காலத்தில் அமெரிக்கரின் சராசரி மதிப்பெண் ஏறத்தாழ 14 புள்ளிகள் உயர்ந்திருந்தது. அரை நூற்றாண்டுக்குள் ஒரு நாட்டு மக்களின் பிறவி இயல்பு மாறிவிடாது. மாறியவை கல்வியும் வாழ்க்கைச் சூழலுமே எனப் பெரும்பாலான அறிஞர் கருதுகின்றனர்.

இந்திய மண்ணில்

பினேயின் சோதனை இந்தியாவிற்கும் வந்தது. 1922இல் லாகூரில் ஹெர்பர்ட் ரைஸ் என்பவர் அதனை இந்துஸ்தானி மொழிக்கு ஏற்றவாறு அமைக்க முற்பட்டார். பின்னர் வி. வி. காமத் மராத்தி, கன்னடம் ஆகிய மொழிகளுக்கு உரியதாக மாற்றினார். சொற்களை மொழிபெயர்த்தால் மட்டும் போதாது. குழந்தை அறிந்த நாணயம், அறிந்த பொருள், அறிந்த பழக்கம் ஆகியவற்றிற்கேற்ப வினாக்களையே மாற்றவேண்டும் என்பதை இம்முயற்சிகள் உணர்த்தின.

இன்றும் நுண்ணறிவுச் சோதனை பயன்பாட்டில் உள்ளது. பயிற்சி பெற்றவர் குழந்தைக்குத் தெரிந்த மொழியில் முறைப்படி நடத்தினால், அதன் முடிவு பெரும்பாலும் நம்பத்தக்கதே. கற்றலில் இடர்ப்படும் குழந்தைக்கு எவ்வகை உதவி தேவை என்பதை அறிய அது துணைபுரிகிறது. ஆயினும் மதிப்பெண் மட்டுமே முடிவாகக் கொள்ளப்படுவதில்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்காக இந்தியாவில் 2016இல் இயற்றப்பட்ட சட்டம், அறிவுசார் குறைபாட்டை வரையறுக்கும்போது, அன்றாட வாழ்வில் ஒருவர் பழகும் திறனையும் சேர்த்தே கருதுகிறது. இது பினே சென்ற வழியே ஆகும்.

குழந்தையின் நெற்றியில் எண்ணை எழுதி ஒதுக்குவதற்காகப் பினே தம் சோதனையை ஆக்கவில்லை. பின்தங்கி நிற்கும் குழந்தையின் கையைப் பற்றி அழைத்துச் செல்வதற்காகவே ஆக்கினார். பிழை நேரும் என்பதை அறிந்து மீண்டும் அளந்து பார்த்தமையே அவருடைய பெருமை.

சொற்பொருள்

நுண்ணறிவு – புரிந்துகொள்ளவும் சிந்திக்கவும் தீர்மானிக்கவும் உதவும் அறிவாற்றல்
அறிதுயில் – பிறர் சொல்வழி நடக்கும் உறக்கம் போன்ற மனநிலை
மனவயது – சோதனையில் ஒருவர் எட்டிய நிலைக்குரிய வயது
ஈவு – ஓர் எண்ணை மற்றோர் எண்ணால் வகுத்துக் கிடைப்பது
நம்பகத்தன்மை – மீண்டும் அளந்தாலும் மாறாத முடிவைத் தரும் பண்பு
மீத்திறன் – இயல்பினும் மிக்க திறமை

பயிற்சிகள்

அ. கோடிட்ட இடங்களை நிரப்புக.
1. பினே பிறந்த நகரம் __________.
2. முப்பது சோதனைகள் அடங்கிய வரிசை வெளியான ஆண்டு __________.
3. பினேயுடன் இணைந்து சோதனையை வகுத்த மருத்துவர் __________.
4. பன்னிரண்டு வயதுச் சிறுமியின் மனவயது பதினைந்து எனில், அவளது நுண்ணறிவு ஈவு __________.

ஆ. ஓரிரு தொடர்களில் விடை தருக.
1. காந்தச் சோதனையின் பிழையை டெல்பெஃப் எவ்வாறு கண்டறிந்தார்?
2. தலையை அளக்கும் முறையைப் பினே ஏன் கைவிட்டார்?
3. மருத்துவர்களின் சான்றிதழ்களை ஒப்பிட்டபோது பினே கண்டது என்ன?

இ. பத்தி அளவில் விடை தருக.
1. பினே எடுத்துரைத்த சோதனையின் எல்லைகளை விளக்குக.
2. எல்லிஸ் தீவில் நடந்த சோதனை நேர்மையானதா? காரணம் காட்டி எழுதுக.

ஈ. பிரித்து எழுதுக.
அளவுகோல், கடுஞ்சொல், கப்பற்பயணம், அறிமுகமின்மை

உ. செயல்பாடு
வீட்டில் தமிழ் பேசி, வெளியில் வேறு மொழி பேசும் ஊரில் வாழ்கிறீர்கள். ஐந்து வயதுத் தமிழ்க் குழந்தைக்கும் உங்கள் ஊரின் மொழி பேசும் ஐந்து வயதுக் குழந்தைக்கும் ஒருங்கே பொருந்தும் வினாக்கள் ஐந்தை உருவாக்குக. ஒவ்வொரு வினாவும் இருவருக்கும் ஏன் பொதுவானது என்பதை வகுப்பில் கலந்துரையாடுக.